காசநோய் தீர்க்கும் செலவு

காசநோய்க்கு ஆகும் செலவு மருந்தோடு முடிவதில்லை. எங்கள் பொம்மையார்பாளையம் போன்ற கடற்கரையூரில் குடும்பத்தலைவன் ஓராண்டுக் காலம் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால், அவன் வீட்டில் உலை ஏறுவது எங்ஙனம்?

படுக்கையும் ஊட்டமான உணவும் இன்றி இந்நோய் தீராதென்றே உலகம் நெடுநாள் நம்பியிருந்தது. அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது நம் சென்னை. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தார், ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு அளித்தனர். வீட்டிலிருந்தோர்க்கு உணவும் ஓய்வும் குறைவு. ஆயினும் 1959-இல் வெளியான முடிவு வியப்பளித்தது. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் 86 பேரும் கிருமி நீங்கப் பெற்றனர். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அச்சிறு வேறுபாடும் மறைந்திருந்தது. வீட்டிலுள்ள ஏனையோர்க்கும் அதனால் நோய் மிகுதியாகப் பரவவில்லை.

நோயைத் தீர்ப்பது இடைவிடாது உண்ணும் மருந்தே என்பது இதனால் விளங்கிற்று. இன்று அரசு மருத்துவ நிலையங்களில் அம்மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. ஆதலின் நேயர்களுக்கு நான் சொல்வது இது: இருமல் நின்றதென்று மருந்தை நடுவில் நிறுத்தாதீர்கள். எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிட்டால், பின்னர் ஆகும் செலவு பன்மடங்கு.