மடிப்பில் உடைந்த கடிதம்

1993ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா எழுதிய கடிதம் ஒன்றைச் சித்தப்பா போன மாதம் எடுத்துத் தந்தார். கோடு போட்ட கொப்பித் தாள். பொருளாதாரத் தடைக் காலத்தில் நாளேடுகள்கூட அந்தத் தாளில்தான் அச்சாகின. விரித்தவுடன் மடிப்பில் உடைந்து இரண்டாகிவிட்டது. அப்பா இன்று இல்லை. 1995 இடப்பெயர்வில் மற்றதெல்லாம் போய்விட்டது. அவர் கையெழுத்தென்று எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான்.

செலோடேப் ஒட்டப் போனேன். என்னோடு ஆலையில் வேலை செய்பவர் தடுத்தார். நான் ஓ.எல். உடன் படிப்பை விட்டவன். கடதாசியைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் வேலைத்தலம் கற்றுத் தந்ததே.

கி.பி. 105இல் சீனாவின் சாய் லுன், மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றால் கடதாசி செய்யும் முறையைச் செம்மைப்படுத்தினார். கந்தலில் செய்த கடதாசி பல நூற்றாண்டு தாங்கும். 1840களில் ஜேர்மனியில் கெல்லர் என்பவர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழி கண்டார். கடதாசி மலிந்தது, ஆயுள் குறைந்தது. மரத்திலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டு மஞ்சளாகும். மை ஊறாதிருக்கச் சேர்த்த படிகாரம் அமிலமாகி நாரை அரிக்கும். எமது வாழைச்சேனை ஆலை 1956இல் தொடங்கியபோது வைக்கோலில் கடதாசி செய்தது.

நான் வேலை செய்யும் ஆலையில் பழைய கடதாசியைத் தண்ணீரில் அடித்துக் கூழாக்குவோம். சவர்க்காரமும் காற்றுக் குமிழியும் மையை நுரையாக மேலே கொண்டுவரும். இயந்திர வலையில் விழும்போது கூழில் 100க்கு 99 பங்கு தண்ணீர்தான்.

அன்பான வாசகர்களே, உங்கள் வீட்டிலும் பழைய கடிதங்கள் இருக்கும். மடிக்காமல், அமிலமற்ற உறையில் வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 9706 என்ற குறியுள்ள தாள் நீண்டகாலம் நிலைக்கும். அதில் பிரதி எடுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லமினேற் செய்யாதீர்கள். ஈரமான நிலவறையும் வெயில் படும் யன்னலோரமும் ஆகாது. கடைச் சிட்டை போன்ற வெப்பத்தாளில் எழுத்து தானாகவே மறைந்துவிடும். தேவையானவற்றை உடனே பிரதி எடுத்துவிடுங்கள்.

குவியலுக்குள் எப்போதாவது தமிழ் எழுத்து கண்ணில் படும். எடுத்துப் பார்க்க நேரமிராது. பெல்ற் ஓடிக்கொண்டே இருக்கும்.