விறகும் வேண்டும், மண்வளமும் வேண்டும்

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை மலைகளிலுள்ள தேயிலைத் தொழிற்சாலைகள் கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் பெரும்பாலும் விறகையே எரிக்கின்றன. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டரை கிலோ விறகு செலவாகின்றது. அவ்விறகு காட்டை அழித்துப் பெறப்படுமாயின் ஊற்றுகள் வற்றும். சரிவு நிலத்து மேல்மண் அரித்துச் செல்லப்படும். நட்டு வளர்த்துப் பெறப்படுமாயின் ஆண்டுதோறும் கிடைக்கும்.

இதனைக் கருதியே தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றை அடுத்து நான்காவது பெருந்தோட்டப் பயிராகக் கிளிறிசீடியா என்னும் சீமைக்கிளுவையை அரசாங்கம் 2005ஆம் ஆண்டில் அறிவித்தது. இது தடியிலிருந்து முளைப்பது. வெட்ட வெட்டத் தழைப்பது. வேர்முடிச்சுகளால் காற்றிலுள்ள நைதரசனைச் சேர்ப்பது. சரிவுக்குக் குறுக்கே, சமவுயரக் கோடுகளில் நெருக்கமாக நட்டால் மண்ணரிப்பையும் தடுக்கும்.

எனினும், விற்கத்தக்கது தடி மாத்திரமே. இலை நிலத்துக்கு உரியது. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டின் பிற்பகுதியில் தடை நீக்கப்பட்டது. பசுந்தாட் பசளையை ஒரே போகத்தில் தேடிக்கொள்ள இயலாது என்பதை அக்காலத்தில் கமக்காரர் நன்கு உணர்ந்தனர். வேலியில் முன்னரே மரம் வளர்த்திருப்பவருக்கே அது கைகொடுக்கும்.

நெற்செய்கையாளர் உமியையும் வைக்கோலையும் ஒன்றாகக் கருதலாகாது. நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமி. அதில் பயிருணவு குறைவு; ஆதலின் அதனை எரிபொருளாக்குவதால் நட்டம் சிறிது. வைக்கோலோ அவ்வாறன்று. ஒரு தொன் வைக்கோலில் ஏறக்குறைய 15 கிலோ பொட்டாசியம் உண்டு. அதனை விற்பவர், அடுத்த போகத்தில் அதே சத்தைப் பணங்கொடுத்து வாங்க நேரிடும்.

விறகைப் பச்சையாக விற்பதும் எரிப்பதும் நன்றன்று. புதிதாக வெட்டிய தடியின் நிறையில் ஏறக்குறைய பாதி நீர். அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் வீணாகும். பிளந்து, கூரையின்கீழ் அடுக்கி உலர்த்திய விறகு குறைந்த அளவிலேயே கூடிய வெப்பந்தரும். எரித்த சாம்பலையும் எறிதல் வேண்டாம். போஞ்சி, கோவாப் பாத்திகளுக்கு அளவாக இடலாம். வெலிமடைப் பகுதியின் உருளைக்கிழங்கு நிலத்துக்கு இடுதல் கூடாது; மண்ணின் புளிப்புக் குறைந்து கிழங்கிற் சொறிநோய் மிகும்.

எரிபொருள் மரம் நடுவதற்கு முன் மூன்று வினாக்களை எழுப்புக. நெல்லும் மரக்கறியும் விளையும் நிலத்தை அது பறிக்கின்றதா? இலையும் சாம்பலும் நிலத்துக்குத் திரும்புகின்றனவா? வெட்டிய அளவு மீண்டும் தழைக்கின்றதா? முதலாவதற்கு 'இல்லை' என்றும், ஏனையவற்றுக்கு 'ஆம்' என்றும் விடை கூறக்கூடியவர் வேலியோரத்திலும் சரிவிலும் இன்றே தடியை ஊன்றலாம். அடுப்புக்கு விறகு தரும் அம்மரமே வயலுக்குப் பசளையும் தரும்.