தண்டோராவும் கருத்துக் கேட்பும்

தோழர்களே, கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் ஒப்பந்தக் கூலிகளாக நிற்பதும் நாம்தான். அவற்றின் புகையைச் சுவாசிப்பதும் நாம்தான். ஆனால் ஆலை வருமுன் நம்மைக் கேட்டார்களா?

கேட்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. 30 நாள் முன்னறிவிப்பு தந்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் வரும் அதிகாரியோ மேற்பார்வையிடுவார். நாளிதழ் எட்டாத இடங்களில் முரசடித்தும் அறிவிக்கலாம். அந்த முரசு யார் தோளில் ஏற்றப்படும் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2022இல்தான் தமிழக அரசு தண்டோராவைக் கைவிடச் சொன்னது. கூட்டத்திற்கு அழைக்க நம் கை வேண்டும். கூட்டத்தில் நம் வாய்?

இதே அறிவிக்கை, அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பேட்டைகளுக்குள் வரும் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கும் தந்தது. பேட்டைக்குச் சுற்றுச்சுவர் உண்டு, புகைக்கு இல்லை.

கூட்டம் தொடங்க இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. நாம் போகாவிட்டாலும் அது நடந்ததாகவே பதிவாகும். ஆகவே போவோம். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்கள் மொழியில் வாசித்து விளக்க வேண்டும் என்பதும் விதி. அதுவரை எழுந்திருக்க வேண்டாம். நாம் சொன்னது விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்வோம். ஒப்பந்தக்காரருக்கு அஞ்சித் தனியாகப் பேச முடியாதவர்கள், தெருவாகச் சேர்ந்து எழுதிக் கொடுப்போம்.