உடன்போக்கு: தினைப்புனம் முதல் இ-பாஸ் வரை

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் பொங்கல் சாட்டினால் ஒரு ராத்திரி வள்ளி திருமணம் நாடகம் வைப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த நாடகம். ஆர்மோனியமும் மிருதங்கமும் சேர்ந்து எழும்; பபூன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவார்; நாரதர் வள்ளியைச் சீண்டுவார். அப்புறம் தினைப்புனத்தில் காவலுக்கு நிற்கும் வள்ளியிடம் வேடன் வேஷத்தில் முருகன் வந்து தர்க்கம் பண்ணுவார். அந்தத் தர்க்கத்துக்காகத்தான் சனம் கொட்டக் கொட்ட முழித்திருக்கும். வள்ளி லேசில் மசிய மாட்டாள். அவள் மனது இணங்காமல் கதை நகராது.

பெற்றவர்களுக்குத் தெரியாமல் மலையில் ஒருத்தி மனசுக்குப் பிடித்தவனோடு புறப்பட்டுப் போகும் கதை அது. ஊரே கும்பிட்டுக் கேட்கிறது. அதே ஊரில் ஒரு பெண் வேறு சாதிப் பையனோடு போய்விட்டால் நடப்பது வேறு. எனக்கு இது ஆறாத வருத்தம்.

கந்தபுராணத்திலும் வள்ளி சும்மா போய்விடவில்லை. தோழி துணையோடு இரவில் புறப்படுகிறாள். விடிந்ததும் அவள் அப்பன் நம்பிராசன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வில்லும் அம்புமாய்த் துரத்துகிறான். முருகனின் சேவல் கூவ, துரத்தி வந்தவர்கள் உயிரற்று விழுகிறார்கள். பெற்றவர்களைப் போட்டுவிட்டுப் போகலாமா என்று நாரதர் கேட்ட பிறகு, முருகன் சொல்ல, வள்ளியே அவர்களை எழுப்புகிறாள். எழுந்த அப்பன் ஊருக்குக் கூட்டிப்போய்த் தன் கையாலேயே மணம் முடித்துவைக்கிறான். துரத்தி வந்தவன் தாரை வார்க்கிறவனாக மாறும் இந்த இடத்தை நம் ஊர்கள் இன்னும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

அதற்கும் முன்னால் சங்கப் பாட்டுகளில் இப்படிப் புறப்பட்டுப் போவதற்கு உடன்போக்கு என்று பெயர்; அது என்றால் பாலை வழிதான். வெயில், நீரில்லாத சுனை, வழிப்பறி செய்யும் ஆறலை கள்வர். பின்னால் தேடி வரும் செவிலி, எதிரே வருகிறவர்களை நிறுத்தி இப்படி ஒரு சோடியைக் கண்டீர்களா என்று கேட்பாள். சீமைக்கருவேல முள்ளும் தண்ணீர் வராத குண்டாறுமாகக் கிடக்கும் திருச்சுழி வட்டாரத்துக்காரருக்கு அந்தப் பாலையைக் கற்பனை செய்து பார்க்க வேண்டியதில்லை. அப்படிப் போனவர்களுக்கும் தொல்காப்பியம் இடம் வைத்திருக்கிறது: கொடுப்பதற்கு ஆள் இல்லாமல் போனாலும், உடன் போனவர்களுக்குத் திருமணச் சடங்கு உண்டு என்கிறது அதன் கற்பியல்.

அந்த இடத்தை இந்தக் காலத்துச் சட்டத்துக்குள் கொண்டுவர வித்திட்டதும் இதே மண்தான். 1928 மே 28-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில், புரோகிதர் இல்லாத முதல் சுயமரியாதைத் திருமணத்தைப் பெரியார் நடத்திவைத்தார். 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணங்கள் செல்லாது என்றது. அண்ணா முதல்வரான பிறகு 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும், கல்யாணம் செல்லும். முன்பு நடந்தவையும் செல்லும் என்றது சட்டம். ரகசியமாக நடந்தால் செல்லாது என்று 2014-இல் உயர்நீதிமன்றம் சொன்னதை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

சட்டம் இருக்கட்டும்; முன்பெல்லாம் ஓடிப்போவதற்குப் பெரிய ஏற்பாடு மலைதான். ஏலத் தோட்டம், தேயிலைத் தோட்டம் என்று வேலைக்குப் போன சொந்தக்காரர் ஒருவர் இருந்தால் போதும். மதுரைக்கு ஒரு பஸ், அங்கிருந்து மலைக்கு இன்னொன்று. பிள்ளை பிறந்த பிறகு ஒரு கடுதாசி வரும்.

இன்று மலை ஒளிய இடம் தருவதில்லை. செல்போன் கோபுரம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் காரிலோ பைக்கிலோ போனால் இ-பாஸ் வேண்டும். பெயர், வண்டி எண், தங்கும் இடம் எல்லாம் பதிவாகும். நிச்சயம் முடிந்த சோடிகள் அதே கொடைக்கானலுக்கு டிரோன் கேமராக்காரரோடு போய் மூடுபனியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டில் மலைக்குப் போவதையே கல்யாணமாக்கிவிட்டார்கள்: அமெரிக்காவின் கொலராடோவில் உரிமம் வாங்கிவிட்டால் நடத்திவைக்க ஆளே வேண்டாம், இருவர் மட்டும் மலையேறி, சூரியன் கிளம்புகையில் சொல் கொடுத்துக்கொள்ளலாம். சட்டத்துக்குத் தப்பி இங்கிலாந்துச் சோடிகள் ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீனுக்கு ஓடிய காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்த ஊருக்கு ஆசைப்பட்டுப் போய் மணம் செய்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கும் அந்தச் சந்தோஷம் கிடைக்க வேண்டும். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் பக்கம் சாதி மாறி மணந்த சோடிமேல் பட்டப்பகலில் விழுந்த வெட்டை நினைத்தால், மலைக்குப் போகும் நாளைத் திட்டமிடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது காகிதங்களைத்தான். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 நிறைந்ததற்கு டி.சி., ஆதார் கையில் இருக்கட்டும். பெற்றவர் வராமல் பல கோயில்களில் தாலி கட்ட விடுவதில்லை. 7-ஏ இருக்கும்போது அதற்காகக் கலங்க வேண்டாம். சாட்சிக்கு நம்பிக்கையான நண்பர்கள், முடிந்தால் விஷயம் தெரிந்த ஒரு பெரியவர். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட வேண்டும். முதல் வாரத்திலேயே முடிப்பது நல்லது. மதம் வேறென்றால் 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம்தான். அதில் 30 நாள் அறிவிப்பு பலகையில் தொங்கும், அதுதான் ஆபத்தான மாதம்.

வீட்டில் காணவில்லை என்று புகார் கொடுப்பதற்கு முன்னால் இவர்களே போலீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிடலாம். 2018-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட சோடிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும், பாதுகாப்பு இல்லம் வேண்டும், 24 மணி நேர உதவி எண் வேண்டும் என்றது. பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் அந்த உத்தரவு கிராமத்துப் பிள்ளை வரைக்கும் போய்ச் சேர வேண்டும். கல்லூரியிலும் மில் விடுதியிலும் எழுதிப் போட்டால் என்ன?

இதெல்லாம் முடிந்த பிறகு வத்தலக்குண்டிலிருந்து அரசு பஸ் பிடிக்கட்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். சட்டப்படி புருஷன் பொண்டாட்டியாகவே மலையேறலாம். லாட்ஜில் யார் கேட்டாலும் பதிவுச் சான்றிதழை நீட்டலாம்.