ஒரே அறையில் மூன்று வகுப்பு: குறையா?

"அங்கே என்னங்க படிப்பு நடக்குது? மூணு வகுப்பை ஒரே அறையில போட்டு வச்சிருக்காங்க. பிள்ளைங்க அட்டையை வெட்டுது, ஒட்டுது, கூடிக் கூடிப் பேசுது. வாத்தியார் தரையில உட்கார்ந்திருக்கார்."

பந்திங் வட்டாரத் தோட்டங்களுக்குச் சங்க வேலையாகப் போகும்போது தாய்மார்கள் சொல்லும் குறை இது. குறை சொல்வதோடு நின்றால் பரவாயில்லை. அடுத்த வருஷமே பிள்ளையைப் பட்டணத்துப் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். பஸ் செலவு ஏறுகிறது; தோட்டப் பள்ளியில் தலை எண்ணிக்கை இறங்குகிறது. 30 பிள்ளைகளுக்கும் குறைந்துபோனால் வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறார்கள். அதைப் பார்த்து இன்னும் நாலு குடும்பம் கிளம்புகிறது.

இந்தப் பள்ளிகள் சும்மா வந்தவை அல்ல. ஒரே இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேர், 7 முதல் 14 வயதுக்குள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எத்தனையோ தோட்டங்களில் அது ஒரு கொட்டகையும், அரைகுறையாய்ப் படித்த ஒருவரும் என்ற அளவில்தான் இருந்தது. அதனால்தான் 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடும் மரியாதையோடும் சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பையும் கோரிக்கையாக வைத்தார்கள். அப்படிக் கேட்டு வாங்கிய பள்ளியை, "விளையாட்டுக் காட்டுகிறார்கள்" என்று விட்டுவிடலாமா? முதலில் அது விளையாட்டுத்தானா என்று பார்ப்போம்.

நம் பூர்வீக ஊர்ப் பக்கமே போவோம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் ஒரு புது முறை தொடங்கியது. பெயர் செயல்வழிக் கற்றல். கொண்டுவந்தவர் எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. வேலூர்ப் பக்கம் கொத்தடிமை வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளைப் படிக்கவைத்த அனுபவம் அவருக்கு உண்டு. ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிக்காரர்கள், ஒற்றை ஆசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கியிருந்த அட்டை முறைதான் இதற்கு முன்மாதிரி. 2007-08-க்குள் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும், ஏறக்குறைய 37,000 பள்ளிகளுக்கும், அது போய்ச் சேர்ந்தது.

அந்த வகுப்பறை எப்படி இருக்கும் தெரியுமா? ஒன்று முதல் நான்கு வரை எல்லாப் பிள்ளைகளும் கலந்து பாயில் வட்டமாக உட்காருவார்கள். ஆசிரியருக்கும் பாய்தான். பாடங்கள் சின்னச் சின்ன அட்டைகளாக இருக்கும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு படக்குறி. சுவரில் ஏணிப் படம் ஒன்று தொங்கும். நேற்று எந்தப் படியில் விட்டோம் என்று பிள்ளை தானே பார்த்து, அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஆளுக்கொரு பங்கு. ஆசிரியர் துணை முழுக்க வேண்டியவர்கள் ஒரு குழு, கொஞ்சம் வேண்டியவர்கள் ஒரு குழு, கூட்டாளியின் உதவியோடு படிப்பவர்கள், தானே படிப்பவர்கள் என்று ஆறு குழு பிரித்திருந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்த பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே ஏறும். வகுப்பு அதைத் தாண்டி ஓடிப்போயிருக்காது. நம் காலத்தில் பத்து நாள் போனால் போனதுதான், கடைசி பெஞ்சு!

எல்லாம் சொர்க்கமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். அட்டை கிழிந்தால் மாற்று வேண்டும். ஆள் குறைந்த பள்ளியில் ஆசிரியருக்குப் பளு கூடும். (ஆறு குழுவையும் ஒரே ஆள் பார்ப்பது லேசான வேலையா? வேலைப் பளு என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.) சில இடங்களில் அட்டையைத் தள்ளி முடிப்பதே படிப்பு என்றும் ஆகிவிடலாம். 2012-இல் முப்பருவப் புத்தகங்கள் வந்தன. ஆனால் அந்த எண்ணம் சாகவில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற அளவை வைத்துத்தான் பிரித்தது.

இது ஏழை நாட்டுக்காரன் கண்டுபிடித்த ஒப்பேற்று வேலை என்று நினைக்க வேண்டாம். வடக்கே பனி நாடான பின்லாந்தைப் பாருங்கள். அங்கே 1866-இலேயே ஊனோ சிக்னேயுஸ் என்பவர் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கினார். இன்றும் ஆணும் பெண்ணும் சேர்ந்து மரமும் அறுக்கிறார்கள், துணியும் தைக்கிறார்கள். பள்ளி ஏழு வயதில்தான் தொடக்கம். ஒன்பது வருஷப் பொதுப் பள்ளியில் நாடு முழுவதற்குமான பொதுத் தேர்வு கிடையாது. மதியச் சாப்பாடு 1948 முதல் எல்லாருக்கும் இலவசம். 2016-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி, பல பாடங்களைச் சேர்த்துக் குழுவாகச் செய்யும் வேலை வருஷத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். கவனியுங்கள், அங்கேயும் கிராமத்துச் சின்னப் பள்ளிகளில் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துத்தான் நடத்துகிறார்கள். அதைக் கேவலமாக யாரும் நினைப்பதில்லை. உலக நாடுகளை ஒப்பிடும் பிசா தேர்வில் 2000-இல் வாசிப்புக்கு முதலிடம் பிடித்தது இந்த நாடுதான். 2022 தேர்வில் இறங்கியிருக்கிறது என்பதும் உண்மை.

இனி நம் விஷயம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் எடுக்கப்பட்டதும், "ஏழு ஏ வாங்கினான்" என்று சொல்லிக்கொள்ள வழியில்லாமல் பெற்றோர் தவிக்கிறார்கள். மார்க்கை விடுங்கள். சாயந்திரம் பிள்ளையைக் கூப்பிட்டு, "இன்னைக்கு யாருக்கு நீ சொல்லிக் கொடுத்தே? உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?" என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கூட்டல் சொல்லித் தரும்போது, தன் கூட்டலும் உறுதிப்படும். செம்பனை உதிரிப் பழத்தைப் பத்துப் பத்தாகக் கூட்டி வைத்தால் ஒன்று, பத்து, நூறு எல்லாம் கையிலேயே பதியும். அதற்குக் காசா, பணமா?

ஆசிரியர் தரையில் உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படாதீர்கள். எந்தக் குழுவோடு உட்கார்ந்திருக்கிறார், மற்றக் குழுக்களுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அப்போது சண்டை போடலாம், நானும் வருகிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வேலை முடிந்த அலுப்போடாவது போய், அட்டை, மணி, தராசு வாங்க எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கணக்குக் கேளுங்கள். பள்ளியை மாற்றும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன்னால், ஒரு காலை நேரம் அந்த வகுப்பின் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.