இசைத்தட்டு விற்ற இளைஞர்

நம் மல்காஜ்கிரியில் குடியிருக்கும் சங்க அன்பர் ஒருவர், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் இல்லத்துக்கு வந்தார். காப்பி ஆறிப்போகும்வரை பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு மெல்ல மனம் திறந்தார். அவருடைய மகன் கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டான். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையொன்றில் கூட்டுச் சேர்ந்து எண்பதாயிரம் ரூபாயை இழந்தான். இப்பொழுது கீபோர்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் கண் விழிக்கிறான். "வியாபாரமும் போயிற்று, படிப்பும் போயிற்று, இனி இந்தப் பாட்டு இவனுக்குச் சோறு போடுமா?" என்று கேட்டார்.

உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. பிழைப்புத் தேடி வந்த ஊரில் நம் குடும்பங்களுக்குத் துணையாக இருப்பவை மாதச் சம்பளமும் பிள்ளைகளின் படிப்புமே. அவற்றுள் ஒன்று கைநழுவினால் பெற்றோரின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை நாம் அறிவோம். ஆயினும், அவர் விடைபெற்றுச் சென்ற பின்னர், தமிழ்நாட்டில் வாழ்ந்த ஒருவரின் வரலாறு நம் நினைவுக்கு வந்தது. அதனை அந்த அன்பருக்காகவும், அவரைப் போல் கவலையுறும் ஏனைய பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறோம்.

காரைக்குடியில் 1907 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் நாள் பிறந்தவர் ஏ.வி. மெய்யப்ப செட்டியார். தந்தையார் ஆவிச்சி செட்டியார், ஏ.வி. அண்டு சன்ஸ் என்னும் பல்பொருள் அங்காடி நடத்தி வந்தவர். கல்லூரி வாசலை மிதிக்காத மெய்யப்பர், இளமையிலேயே அக்கடையில் அமர்ந்து வியாபாரம் பழகினார். அங்கே விற்பனையான சரக்குகளுள் கிராமபோன் இசைத்தட்டும் ஒன்று.

அக்காலத்து இசைத்தட்டு, அரக்குக் கலவையால் ஆனது. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழல்வது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிஷப் பாட்டே கொள்வது. எந்தப் பாட்டைக் கேட்டு மக்கள் மீண்டும் வருகிறார்கள், எதனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்பது, கடைப்பலகைக்குப் பின்னால் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். மெய்யப்பருக்கு இசைப்பள்ளியாக அமைந்தது அந்தக் கடைப்பலகையே என்று சொன்னால் மிகையாகாது.

பிறர் தயாரித்த தட்டை விற்பதைவிடத் தாமே தயாரித்தால் என்ன என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது. சென்னைக்குச் சென்றார். கூட்டாளிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெர்மானிய நிறுவனமான 'ஓடியன்' பெயரில் தமிழிசைத் தட்டுகளை வெளியிட்டு விற்பனை செய்தது அந்த நிறுவனம். தொழில் செழித்தது. அத்துடன் நின்றிருந்தால் அவர் ஒரு வெற்றி பெற்ற வணிகர் என்ற அளவில் வாழ்ந்து மறைந்திருப்பார்.

ஆனால் 1931 இல் தமிழ் பேசும் படம் பிறந்துவிட்டது. பாட்டைத் தட்டில் கேட்ட மக்கள், பாடுகிறவரைத் திரையிலும் காண விழைந்தார்கள். மெய்யப்பரும் படத்துறையில் இறங்கினார். 'அல்லி அர்ஜுனா' என்னும் படத்தை எடுத்தார், அது வீழ்ந்தது. மனந்தளராமல் 'ரத்னாவளி' எடுத்தார், அதுவும் வீழ்ந்தது. இரண்டும் 1935 இல் வந்தவை. அப்பொழுது அவருக்கு வயது 28. தந்தையார் கடையில் கௌரவமாக அமர்ந்திருக்க வேண்டிய பிள்ளை, சென்னையில் நட்டப்பட்டு நிற்கிறான் என்று ஊரார் பேசியிருக்கமாட்டார்களா? அந்நாளில் காரைக்குடிப் பெற்றோரின் நெஞ்சில் எழுந்திருக்கக்கூடிய கேள்வியும், இந்நாளில் மல்காஜ்கிரித் தந்தையின் நெஞ்சில் எழும் கேள்வியும் வேறுவேறல்ல.

அடுத்து அவர் செய்ததே நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் இசையையும் விடவில்லை. பழைய வழியிலேயே மீண்டும் பணத்தைக் கொட்டவுமில்லை. பெங்களூரில் படக்கொட்டகை உரிமையாளராக இருந்த ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து 'பிரகதி' என்னும் பெயரில் புதிய முயற்சியைத் தொடங்கினார். கண்ணனின் இளமைக் கதையைக் கூறும் மராத்திப் படம் ஒன்றின் உரிமையை வாங்கி, 1938 இல் 'நந்தகுமார்' என்று தமிழில் தயாரித்தார். அதில் கண்ணனாக அறிமுகமான சிறுவர் டி.ஆர். மகாலிங்கம். பின்னாளில் அவர் குரலுக்கு மயங்காத தமிழர் யார்?

'நந்தகுமார்' படத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதுவரை தமிழ்ப் படத்தில் நடிப்பவரே பாடவும் வேண்டும். முகவெட்டு இருந்து குரல் இல்லாதவருக்கும், குரல் இருந்து நடிப்பு வராதவருக்கும் திரையில் இடம் இல்லை. பாட்டை முன்னதாகவே பதிவு செய்துகொண்டு, நடிகர் வாயசைக்கும் முறையை 1935 இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தார் கையாண்டனர். அம்முறையைத் தமிழுக்குக் கொணர்ந்தது 'நந்தகுமார்'. நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கடராமன் என்னும் அம்மையார் பின்னணி பாடினார். முகம் வேறு, குரல் வேறு என்னும் எண்ணம், முகமறியாத பாடகரின் தட்டை ஆண்டுக்கணக்கில் விற்ற ஒருவருக்கு எளிதில் தோன்றியதில் வியப்பென்ன? முதல் தொழிலில் பெற்ற அறிவு வீண்போகவில்லை.

1945 இல் வெளிவந்த 'ஸ்ரீவள்ளி'யிலும் இதே காது வேலை செய்தது. வள்ளியாக நடித்த ருக்மிணியின் பாட்டு அவருக்கு நிறைவளிக்கவில்லை. உடனே பி.ஏ. பெரியநாயகியைப் பாடச் செய்து, அக்குரலைப் படத்தில் இணைத்தார். படம் பெருவெற்றி கண்டது.

அவ்வாண்டு அக்டோபர் 14 ஆம் நாள் ஏ.வி.எம். நிறுவனம் சென்னை சாந்தோமில் உதயமாயிற்று. ஆனால் யுத்தகாலத் தட்டுப்பாட்டினால் அங்கே மின்சாரம் கிடைக்கவில்லை. இதுவும் ஒரு முட்டுக்கட்டை. மெய்யப்பர் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பினார். காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் இடம் பிடித்துக் கொட்டகைகள் போட்டார். இரயில் வழியில் அப்பக்கம் செல்லும் அன்பர்கள், அந்தச் சிறிய நிலையத்தைக் கடக்கும்பொழுது இதனை நினைவு கொள்ளலாம். அங்கே உருவான 'நாம் இருவர்' 1947 ஜனவரியில் வெளிவந்தது. ப. நீலகண்டனின் நாடகத்தைத் தழுவிய அப்படத்தில் டி.கே. பட்டம்மாள் பாரதியின் பாடல்களைப் பாட, குமாரி கமலா நடனமாடினார். நாடு விடுதலை பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதற்குள்ளாகவே கொட்டகைகளில் விடுதலைப் பண் ஒலித்துவிட்டது.

இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாரதி பாடல்களை இசைத்தட்டில் வெளியிடும் உரிமை, கவிஞர் மறைவுக்குப் பின்னர் ஒரு வடநாட்டு வணிகர் கைக்குச் சென்றிருந்தது. அதை மெய்யப்பர் விலை கொடுத்து வாங்கினார். பின்னர் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைக் கையாண்டபொழுது, உரிமை தம்முடையது என்று சட்ட வழியில் இறங்கினார். மக்கள் கவியின் பாட்டு ஒரு வணிகரின் பெட்டியில் பூட்டப்படுவதா என்று தமிழகம் கொதித்தது. பாரதியைப் பொதுவுடைமையாக்குக என்னும் குரல் ஓங்கியது. 1949 இல் சென்னை அரசு அவ்வுரிமையை ஏற்க முன்வந்தபொழுது, மெய்யப்பர் பணம் ஏதும் பெறாமலே அதை அளித்துவிட்டார். அவர் வாங்கியது வணிகம், வழக்காடியதும் வணிகம். விலை பெறாமல் கொடுத்ததை மட்டும் வணிகம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவரைக் குறை கூறியவர்களின் பக்கத்தில் நியாயம் இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே இளைஞர் அறிந்துகொள்ள வேண்டும்.

தெலுங்கு நாட்டில் வாழும் நமக்கு மற்றொரு செய்தி இனிக்கும். மெய்யப்பர் தமிழோடு நிற்கவில்லை. 1940 இலேயே 'பூகைலாஸ்' என்னும் தெலுங்குப் படத்தை எடுத்துப் புகழ் பெற்றார். கன்னடத்தில் தாம் எடுத்த 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் சேர்த்து வெளியிட்டார். மொழிமாற்றுப் படத்துக்கு வழிகாட்டியது அதுவே. 1949 இல் வைஜயந்திமாலாவை அறிமுகப்படுத்திய 'வாழ்க்கை', 1950 இல் தெலுங்கில் 'ஜீவிதம்' ஆயிற்று; 1951 இல் ஹிந்தியில் 'பஹார்' ஆயிற்று. வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும், கடைத்தெருவில் உருதும் பேசி வளரும் நம் பிள்ளைகள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். நாம் சங்கடமாகக் கருதும் மும்மொழி வாழ்க்கை, அவருக்கு மூன்று சந்தைகளைத் திறந்தது.

தோல்வி பின்னரும் அவரை விட்டுவிடவில்லை. 1954 இல் 'அந்த நாள்' என்னும் படத்தை ஒரு பாட்டும் இன்றி எடுத்தார். பாட்டு விற்றுப் பிழைப்பைத் தொடங்கியவர் பாட்டில்லாப் படம் எடுத்தார் என்பதும், அதை இயக்கியவர் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் என்பதும் வேடிக்கையல்லவா? முதல் வெளியீட்டில் அது பணம் ஈட்டவில்லை. இன்றோ தமிழின் சிறந்த படங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. மெய்யப்பர் 1979 ஆகஸ்ட் 12 ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாற்றைச் சொல்லிவிட்டு, "உங்கள் மகனும் மெய்யப்பர் ஆவான்" என்று அந்த அன்பரிடம் சொல்ல நாம் துணியவில்லை. அது பொய்யான ஆறுதல். மெய்யப்பருக்குத் தந்தையின் கடை இருந்தது, கூட்டாளிகள் இருந்தனர், இரண்டு முறை விழுந்தபின் மூன்றாம் முறை எழுவதற்குக் கைகொடுக்க ஆள் இருந்தது. நம் வீடுகளில் ஒருமுறை விழுந்தாலே அடகுக் கடைக்குத்தான் வழி. ஆகையால் அவரைப் பார்த்து நம் பிள்ளைகள் கற்க வேண்டியது துணிச்சலை மட்டும் அன்று. எங்கே நட்டம் வந்தது, ஏன் வந்தது என்று கணக்கைப் பிரித்துப் பார்ப்பதும், கைவந்த தொழிலை விட்டுவிடாமல் அதன் மேல் அடுத்ததைக் கட்டுவதுமே முதற்பாடம்.

ஆகவே மறுவாரம் அவர் இல்லம் சென்று, பையனையே நேரில் அழைத்துப் பேசினோம். "தம்பி, எண்பதாயிரம் எப்படிப் போயிற்று என்று ஒரு தாளில் எழுதிக் காட்டு" என்றோம். முதலில் முகம் சுளித்தான். பின்னர் எழுதினான். முன்பணம் வாங்காமல் சாமான் அனுப்பியது, திருமண வீடுகளில் பாக்கி நின்றது, பழுதுபார்க்கும் செலவைக் கணக்கில் சேர்க்காதது எனப் பதினொரு வரி எழுதினான். எழுதி முடித்ததும் அவனே சொன்னான்: "மாமா, இதில் பாட்டால் போனது ஒரு ரூபாயும் இல்லை." தந்தையார் அத்தாளை வாங்கி இருமுறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வரும் பொங்கல் விழாவுக்கு ஒலிபெருக்கி அமைக்கும் பணியை அப்பிள்ளையிடம் ஒப்படைக்கலாம் என்று சங்கச் செயலாளரிடம் கூறியிருக்கிறோம். "நம் பிள்ளைதானே" என்று வாடகையைக் குறைத்துக் கேட்கலாகாது. பாதித் தொகையை முன்பணமாகத் தந்து, இரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். அன்று மேடையில் நம் குழந்தைகள் பாடும்பொழுது ஒலி தெளிவாக இருந்தால், அதை அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீடு திரும்புமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.