கூரையை எப்போது மாற்றுவது?

இல்லம் மந்திரிக்க அழைக்கப்படும் குருவானவர் தீர்த்தம் தெளிக்கும்போது தலையை நிமிர்த்தியே ஆகவேண்டும். வீட்டார் நாள்தோறும் இருந்தும் பாராத ஒன்று அப்போது அவர் கண்ணில் படுகிறது. அதுதான் கூரையின் அடிப்புறம். சிவகாசியை அடுத்த ஒரு சிற்றூரில் சென்ற ஆண்டு நான் கண்ட தளத்தில் காரை பெயர்ந்து, துருவேறிய கம்பிகள் விலா எலும்புகள்போல் தெரிந்தன. நேர் கீழே பாட்டியின் கட்டில். மகனும் மருமகளும் பட்டாசுத் தொழிலாளர். “தீபாவளி போனஸ் வரட்டும் சாமி, பார்த்துக்கிடலாம்” என்றார் மகன்.

நம் கரிசல் நாட்டின் இக்கட்டு முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. பணம் கைக்கு வரும் ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. மழையில் தளத்தைப் பிரிக்க இயலாது. வேலைக்கு ஏற்ற மாசி, பங்குனி வருவதற்குள் போனஸ் கரைந்துவிடுகிறது. இப்படியே ஆண்டுகள் ஓடுகின்றன.

நம் முன்னோர்க்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. பனையோலைக்கு ஆயுள் சில ஆண்டுகளே என்று அறிந்து, மழைக்கு முன் மாற்றி வேய்ந்துகொண்டனர். நெருப்புக்கு அஞ்சி ஓலையைக் கைவிட்டது சரியே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் ஓலைக்கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் மாண்டதை யார் மறப்பர்? ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் போதும். கைமரத்தையும் ரீப்பரையும் கறையான் அரித்து, கூரை குழிந்துவிட்டால்தான் முழுவதையும் பிரிக்கவேண்டும். கான்கிரீட் வந்தபின்போ, இனி என்றைக்கும் கவலையில்லை என்றிருந்துவிட்டோம்.

கான்கிரீட்டும் சாகும். மேல்தளத்தில் தேங்கும் நீர் விரிசல் வழியே இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த இரும்பு பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் கேடு விரைவில் வரும். கம்பி ஓடும் வழியிலேயே நீளமான விரிசல், பழுப்புக் கறை, கழியால் தட்டினால் பொள்ளல் ஒலி, நடுவில் தொய்வு ஆகியவை அடையாளங்கள். ஓரிடத்தில் மட்டும் இருந்தால், துருவைச் சுரண்டி, முறைப்படி பழுதுபார்க்கலாம். மேலே தட்டோடு பதித்து, நீர் வடிய வாட்டம் அமைக்கலாம். கம்பி இளைத்தும் தளம் தொய்ந்தும் போயிருந்தால், அடியில் சிமெண்டு பூசுவது புண்ணை மூடிக் கட்டுவதேயன்றி வேறில்லை.

இதைப் பற்றிப் பேச ஒரு குருவுக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணலாம். லேவியர் ஆகமம் 14-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். சுவரில் கறை கண்ட வீட்டைப் பார்வையிடும் கடமை அங்கே குருவுக்கே தரப்பட்டிருக்கிறது. அவர் வருமுன் பொருள்களை வெளியேற்ற வேண்டும். ஏழு நாள் பூட்டி வைத்து மீண்டும் பார்ப்பார். கறை பரவியிருந்தால் கெட்ட கற்களை அகற்றிப் புதிதாகப் பூசச் செய்வார். அதன்பின்னும் கறை திரும்பினால் வீட்டை இடிக்கவேண்டியதே. செம்மையாகப் பழுதுபார்த்தும் அதே இடம் மீண்டும் கெடுகிறதா என்ற கேள்வியை இன்றைய கட்டடப் பொறியாளரும் கேட்கிறார்!

ஆஸ்பெஸ்டாஸ் கூரை பற்றியும் ஒரு சொல். அதன் தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. உதிரத் தொடங்கிய தகட்டை அறுக்காமல், உடைக்காமல், நீர் தெளித்து முழுசாக இறக்கவேண்டும். அதன்மீது கால் வைத்து ஏறுவோர் தகடு உடைந்து விழுந்து மாள்வதும் உண்டு.

அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட பழைய ஊரக வீடுகளைச் சீரமைக்க 2024-இல் தமிழக அரசு ஒரு திட்டம் தொடங்கியது. விவரத்தை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறியலாம்.

அந்த வீட்டுக்கு மறுபடி சென்றபோது தீர்த்தச் செம்பைக் கொண்டுபோகவில்லை. கொத்தனார் ஒருவரை அழைத்துச் சென்றேன். அவர் கழியால் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளங்கையளவு காரை கட்டிலின்மேல் விழுந்தது. பாட்டி அப்போது வாசலில் இருந்தார். அன்றே கட்டிலை அடுத்த வீட்டுத் திண்ணைக்கு மாற்றி, தளத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். அவ்வாண்டு போனஸை மருமகள் அஞ்சலகத்தில் போட்டுவைத்தார். பங்குனியில் பழைய தளத்தை இறக்கினார்கள்.